மருந்துக்கு முன்னம் ஒரு போத்தல் சலம்

போன இதழில் பிள்ளைகளின் சிறுநீரகம், சலம் (சிறுநீர்) சம்பந்தமான கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறோம். பதில்கள் வழமைபோல நமது குழந்தைநல டொக்டருடையவை.

கேள்வி: மகளுக்கு எட்டு மாதம். இரண்டு மாதத்துக்குள் மூன்று தரம் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை. ஒவ்வொரு முறையும் டிஸ்பென்சரியில் அன்டிபயோட்டிக் பாணி தந்தார்கள், இரண்டு நாளில் விட்டது, பிறகும் வந்தது. கடைசியாகச் சலம் சோதித்ததில் சீழ்க்கலம் 30–40 என்று இருக்கிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் ரிப்போர்ட்டில் பல கிருமி கலந்திருக்கு, திரும்ப அனுப்பவும் என்று எழுதியிருக்கிறார்கள். இது சலத்தில் கிருமியா, இல்லையா?
– ஒரு தாய், மண்டூர்

பதில்: இருக்கலாம் தங்கச்சி. ஆனால் கையில் இருக்கிற ரிப்போர்ட்டை வைத்து ஆமென்று அடித்துச் சொல்லவும் முடியாது, இல்லையென்று தள்ளிவிடவும் முடியாது. வயிற்றெரிச்சலே அதுதான், ஏனென்றால் முதல் காய்ச்சலிலேயே அந்தப் பாணி மருந்தைத் தொடங்க முன்னம் யாராவது ஒரு போத்தல் சலம் எடுத்திருந்தால் விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் சலத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பெரிய பிள்ளை எரியுது என்று சொல்லும், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கைக்குழந்தைக்கு அந்த வழியில்லை. காய்ச்சல், சத்தி, பால் குடிக்க மறுப்பது, ஓயாத சிணுங்கல், நிறை ஏறாமல் நிற்பது, பிறந்த குழந்தையென்றால் செங்கமாரி விடாமல் இழுபடுவது, இவ்வளவுதான் வெளியே தெரியும். இதையெல்லாம் பல் முளைக்கிற காய்ச்சல் என்று சொல்லிக் கடத்துகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பல் முளைப்பதற்கு 102 பாகை காய்ச்சல் வராது.

சீழ்க்கலம் 30–40 என்பது சந்தேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். வேறு காய்ச்சல்களிலும் அது ஏறும். தீர்ப்புச் சொல்வது கல்ச்சர். ஒழுங்காகப் பிடித்த சலத்தில் ஒரே வகைக் கிருமி, ஒரு மில்லிலீற்றருக்கு 100,000க்கு மேல் வளர்ந்தால் அது தொற்று. அநேகமாக அது ஈ.கோலை, பிள்ளையின் குடலிலேயே குடியிருக்கிற கிருமி, வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது இல்லை. பல கிருமி கலந்து வந்தால் தோலிலும் மலத்திலும் இருந்தது போத்தலுக்குள் விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்டிபயோட்டிக் குடித்துக்கொண்டிருக்கும்போது எடுத்தாலோ ஒன்றுமே வளராமல் போகலாம், அப்புறம் நாங்கள் குருட்டு மதிப்பில் மருந்து எழுத வேண்டியதுதான்.

சரி, எப்படிப் பிடிப்பது? பம்பஸைப் பிழிகிற வேலை வேண்டாம். லாபில் கிருமி நீக்கிய போத்தல் தருவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். பால் கொடுத்துக் கொஞ்ச நேரம் போனதும் பம்பஸைக் கழற்றி, முன்பக்கத்தைச் சாதாரண தண்ணீரால் கழுவி, ஒருவர் பிள்ளையை மடியில் கால் விரித்துப் பிடிக்க, மற்றவர் போத்தலும் கையுமாகக் காத்திருக்க வேண்டும். டெட்டோல் போட்டுக் கழுவாதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணித்துண்டால் கொப்பூழுக்குக் கீழே, அடிவயிற்றில் வட்டமாகத் தடவிக்கொண்டிருந்தால் சில பிள்ளைகள் சீக்கிரமே போய்விடுவார்கள். முதல் சொட்டுகளை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். போத்தலின் வாயிலும் மூடியின் உட்பக்கத்திலும் விரல் படக்கூடாது. தோலில் ஒட்டுகிற பை இருக்கிறதுதானே, அதில் பிடித்த சலத்தில் ஒன்றுமில்லை என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம், கிருமி இருக்கு என்று வந்தால் நம்ப ஏலாது. எப்படியும் கிடைக்கவில்லையென்றால் வார்டில் மெல்லிய டியூப் போட்டு ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள்.

மண்டூர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. எடுத்த சலம் ஒரு மணித்தியாலத்துக்குள் லாபுக்குப் போக வேண்டும். நீங்கள் துறையில் பாதைப் படகு வருமட்டும் வெயிலில் நின்று, குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் போத்தலுக்குள் விழுந்த நாலு கிருமி பெருகிப் பொய் ரிப்போர்ட் ஒன்றைத் தந்துவிடும். ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள், அல்லது பிள்ளையையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்கேயே எடுங்கள். இரண்டாவதுதான் என் விருப்பம்.

உறுதியானால் ஏழு முதல் பத்து நாள் மருந்து, எந்த மருந்து கேட்கும் என்பதைக் கல்ச்சரே சொல்லும். 48 மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் திரும்பக் காட்டுங்கள். இந்த வயதில் வந்தால் சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்கேனும் தேவை. மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ, எந்த வயதுப் பிள்ளையும் துவண்டு கிடந்தாலோ வீட்டில் போத்தலோடு மினக்கெட வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

கேள்வி: மகனுக்கு ஒன்றரை வயது. இரண்டு தரம் சலத்தில் கிருமி வந்து வார்டில் இருந்தோம். இடது சிறுநீரகம் வீங்கியிருக்கு என்று ஸ்கேனில் சொல்கிறார்கள். சலவழியால் டியூப் போட்டு மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று திகதி தந்திருக்கிறார்கள். மாமி பிள்ளையைச் சித்திரவதை செய்ய விடமாட்டேன் என்று நிற்கிறா. கட்டாயம் செய்ய வேண்டுமா?
– ஒரு தகப்பன், கல்லாறு

பதில்: உங்கள் மகனுக்குச் செய்யத்தான் வேண்டும் தம்பி. எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. முந்தி ஒரு தரம் கிருமி வந்தாலே எல்லோருக்கும் இந்த எக்ஸ்ரே எடுத்தார்கள், இப்போது அப்படியில்லை. திரும்பத் திரும்ப வந்தால், ஸ்கேனில் பிழை தெரிந்தால் மட்டும் எடுக்கிறார்கள். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது, அதோடு ஆண் பிள்ளை.

சிறுநீரகத்திலிருந்து சலம் இறங்குகிற குழாய், சலப்பையின் சுவருக்குள் சரிவாக நுழைகிறது. பை நிரம்பும்போது அந்தச் சரிவு அமுங்கி வழி மூடிக்கொள்ளும். குளத்து மதகு ஒருபக்கமாகத்தானே தண்ணீர் விடும், அதுபோல. சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே அந்தச் சரிவு போதாது, பை இறுகும்போது சலம் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகிறது. போகும்போது கிருமியையும் கொண்டுபோகிறது. ஒவ்வொரு தடவையும் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம், அந்தத் தழும்புதான் பிறகு இளவயதிலேயே பிரஷரையும் சிறுநீரகச் செயலிழப்பையும் கொண்டுவருவது. இந்தப் பின்னோட்டத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். ஒன்று, இரண்டு என்றால் பெரும்பாலும் வளர வளரத் தானாகப் போய்விடும். நாலும் ஐந்தும் அவ்வளவு சுலபத்தில் போகாது, சிலருக்கு ஒப்பரேஷன் வரும்.

இது எந்தத் தரம் என்பதைச் சாதாரண ஸ்கேன் சொல்லாது, அதனால்தான் அந்த எக்ஸ்ரே. ஆண் பிள்ளைகளில் சலவழியின் உள்ளே பிறப்பிலேயே ஒரு சவ்வுத்தடுப்பு இருந்தாலும் இதில்தான் தெரியும். பென்சில் முனையை விட மெல்லிய டியூப், பிள்ளை அழும், இல்லையென்று சொல்லமாட்டேன், மாமியை வெளியே இருத்திவிட்டு நீங்களோ தாயோ கிட்ட நின்று கையைப் பிடித்துக்கொண்டிருங்கள். அந்த நேரத்தில் சலத்தில் கிருமி இருக்கக்கூடாது, மூன்று நாளைக்கு அன்டிபயோட்டிக் தருவார்கள், அதை விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு எரிவு இருக்கும், இளஞ்சூட்டுத் தண்ணீர்ப் பேசினில் இருத்தினால் அதற்குள்ளேயே சலம் போகட்டும், பரவாயில்லை.

தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் என்று இன்னொன்று சொல்வார்கள். கிருமி மாறி நாலு முதல் ஆறு மாதம் கழித்துத்தான் அதை எடுப்பது, அதற்காகக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக நேரிடலாம். அதுவரை ஒவ்வொரு இரவும் சிறிய அளவு மருந்து தந்தால் ஒரு நாளும் விடாமல் கொடுங்கள். பிள்ளைக்கு மலச்சிக்கல் இருந்தால் அதையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும், நிறைந்த குடல் சலப்பையை ஒழுங்காக வெறுமையாக விடாது.

கேள்வி: ஏழாம் மாத ஸ்கேனில் வயிற்றுப் பிள்ளையின் ஒரு சிறுநீரகத்தில் தண்ணீர் தேங்கியிருக்கு என்றார்கள். நித்திரையே இல்லை.
– வாழைச்சேனை வாசகி

பதில்: நித்திரை கொள்ளுங்கள் மகள். இப்படித் தெரிகிறவற்றில் பெரும்பாலானவை பிறந்த பிறகு தானாக வற்றிவிடுகின்றன. பிறந்ததும் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் குழந்தைநல டொக்டரின் கையில் கொடுங்கள், அலுமாரிக்குள் வைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் லேசாக இருந்தால் முதல் இரண்டு நாளுக்குள் ஸ்கேன் எடுப்பதில் பிரயோசனம் இல்லை, பிறந்த குழந்தைக்கு அப்போது சலம் குறைவு, வீக்கம் இருந்தாலும் தெரியாது. அதன் பிறகு ஒன்று, ஒரு மாதத்துக்கும் ஆறு கிழமைக்கும் இடையில் இன்னொன்று. இரண்டு பக்கமும் வீங்கியிருந்தால், அதுவும் ஆண் பிள்ளையென்றால், பொறுத்திருக்க ஏலாது, முதல் நாளே பார்ப்பார்கள். ஆண் பிள்ளை பிறந்தால் பம்பஸைக் கழற்றி வைத்து ஒரு தரம் கவனியுங்கள்: சலம் வீசிப் போகிறதா, சொட்டுச் சொட்டாக வடிகிறதா? வடிகிறதென்றால் வார்டை விட்டு வர முதலே சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஆறு மாதம். சுன்னத்துக்கு நாள் பார்த்தோம். சுன்னத்துச் செய்கிற ஒஸ்தா மாமா பார்த்துவிட்டு, சலத்துவாரம் நுனியில் இல்லை, கொஞ்சம் கீழே இருக்கு, தோலும் பாதிதான் இருக்கு என்று செய்யாமல் போய்விட்டார். மூத்தம்மா பிறவியிலேயே சுன்னத்தான பிள்ளை என்று சந்தோஷப்படுகிறா. மிச்சத்தை வேறு ஆளைக் கொண்டு செய்யலாமா?
– ஒரு வாப்பா, நிந்தவூர்

பதில்: செய்யவே வேண்டாம். அந்த ஒஸ்தா மாமாவுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். சலத்துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கத்தில் திறப்பது ஒரு பிறவிக் குறை, அரிதானதும் இல்லை. அதைச் சரிசெய்கிற ஒப்பரேஷனில் புதிய சலவழி அமைக்க மேலே மிஞ்சியிருக்கிற அந்தத் தோல் தேவைப்படும். அதை வெட்டி எறிந்துவிட்டு வந்தால் சத்திரசிகிச்சை டொக்டருக்கு வேலை கஷ்டம், பிள்ளைக்கு ஒப்பரேஷனின் எண்ணிக்கை கூடும். ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் செய்வது நல்லது, ஆகவே இப்போதே குழந்தைச் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். சுன்னத்தும் அதோடேயே முடிந்துவிடும். இரண்டு விதையும் பையில் இறங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு குறையும் ஒன்றாக இருந்தால் வேறு சோதனைகள் இருக்கின்றன.

இதே விஷயத்தில் இன்னும் சிலர், சுன்னத்துச் செய்தால் சலத்தில் கிருமி வராதா என்று கேட்டிருக்கிறார்கள். குறையும், உண்மைதான். ஆனால் குறையொன்றும் இல்லாத பிள்ளைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் செய்தால்தான் ஒரு தொற்றைத் தடுத்ததாகக் கணக்கு வரும். பின்னோட்டமோ அடிக்கடி கிருமியோ உள்ள பிள்ளைக்குத்தான் அது மருத்துவக் காரணமாகும். மார்க்கக் கடமை உங்கள் விஷயம்.

கேள்வி: பேரனுக்கு நாலு வயது. காலையில் கண் ரெண்டும் வீங்கி எழும்புவான், பின்னேரம் வற்றிப்போகும். பூச்சி கடித்ததென்று கண்ணுக்கு மருந்து விட்டோம். பிறகு வயிறும் காலும் வீங்கி வார்டில் விட்டு, சலத்தில் புரதம் போகுது என்று பிரெட்னிசலோன் குளிசை தந்தார்கள். வீக்கம் வற்றிவிட்டது. இப்போது கன்னம் உப்பி, ஓயாமல் பசி என்று கத்துறான். அந்தக் குளிசை ஸ்டீரொய்ட், பிள்ளையை அழித்துப்போடும், நிப்பாட்டிப்போட்டு நாட்டு மருந்து செய்வம் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். என்ன செய்ய?
– ஒரு அம்மம்மா, திருக்கோவில்

பதில்: அம்மா, அந்தக் குளிசையை ஒரு நாள்கூட நீங்களாக நிப்பாட்ட வேண்டாம். இதுதான் முதல் பதில், மிச்சமெல்லாம் இதற்குப் பிறகு.

இந்த நோய்க்கு நெஃப்ரோட்டிக் சின்ட்ரோம் என்று பெயர். இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் கூடுதல், ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகளைப்போல இரண்டு மடங்கு. இரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரகத்தால் ஒழுகிச் சலத்தோடு போய்விடுவதால் உடம்பில் நீர் கோர்க்கிறது. இரவு படுத்திருப்பதால் காலையில் கண்ணில் தெரியும், எழும்பி ஓடித் திரிந்தால் காலுக்கு இறங்கும். பூச்சிக்கடி இரண்டு கண்ணிலும் ஒன்றாக, காலை காலையாக வராது. ஒரு சலப் பரிசோதனை போதும், புரதம் 3+, 4+ என்று எழுதி வந்துவிடும்.

இந்த வயதில் பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகளுக்கு பிரெட்னிசலோன் கேட்கிறது. முதலில் நாலு முதல் ஆறு கிழமை தினமும், அதன் பிறகு ஒன்றுவிட்ட நாள் குறைந்த அளவில் இன்னும் நாலு முதல் ஆறு கிழமை. கன்னம் உப்புவதும் பசியும் அடமும் மருந்தால் வருவதுதான், அளவு குறையக் குறைய அதுவும் போகும். திடீரென்று நிப்பாட்டினால்தான் ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீரொய்ட் போகிற காலத்தில் உடம்பு தானாகச் சுரக்கிறதைக் குறைத்துவிடும், ஒரு காய்ச்சல் வந்தாலே பிள்ளை தாங்காது. நாட்டு மருந்தை நான் பழிக்கவில்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத சூரணத்தை ஒழுகுகிற சிறுநீரகத்துக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்த நோய் திரும்ப வரும். பல பிள்ளைகளுக்குப் பல தரம் வரும், தடிமன் காய்ச்சலோடு வரும். வயது ஏற ஏறப் பெரும்பாலானோருக்கு அடங்கிவிடும், சிறுநீரகமும் கெடாது. ஆகவே வீக்கம் வரும்வரை காத்திருக்காமல் வீட்டிலேயே காலைச் சலத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். புரதம் காட்டுகிற சோதனைக் குச்சி வாங்க வசதியில்லாவிட்டால் சூடாக்கிப் பார்க்கலாம். கண்ணாடிச் சோதனைக் குழாயில் முக்கால்வாசி சலம் எடுத்து, சாய்த்துப் பிடித்து, மேல்பாதியை மட்டும் விளக்கில் காட்டிக் கொதிக்க விடுங்கள், குழாயின் வாய் யாருடைய முகத்துக்கும் நேரே இருக்கக்கூடாது, பிள்ளையைத் தூரத்தில் இருத்துங்கள். மேல்பாதி கலங்கினால் இரண்டு மூன்று சொட்டு வினாகிரி விடுங்கள். தெளிந்துவிட்டால் அது உப்பு, பிரச்சினை இல்லை. கலங்கல் நின்றால் புரதம். குழாய்க்குப் பின்னால் பத்திரிகைத் துண்டு ஒன்றைப் பிடியுங்கள்: எழுத்து தெரிந்தால் 1 அல்லது 2, எழுத்தே தெரியாவிட்டால் 3, கட்டியாகத் திரண்டு நின்றால் 4. தொடர்ந்து மூன்று நாள் 3க்குக் குறையாமல் இருந்தால் கிளினிக் நாளைப் பார்க்காமல் கொப்பியோடு போங்கள்.

சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள், கருவாடு, ஊறுகாய், பப்படம், பைக்கற்றில் வருகிற முறுக்கு எல்லாம் வீக்கம் இருக்கும்வரை வேண்டாம். முட்டை, மீன், பருப்பு வழமைபோலக் கொடுக்கலாம், புரதம் போகுது என்று சொல்லி ஒரு நாளைக்கு ஐந்து முட்டை தீத்தவும் வேண்டாம். காய்ச்சலோடு வயிற்றுக்குத்து வந்தால் அன்றைக்கே வார்டுக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டில் கொப்புளிப்பான் வந்து பேரன் அங்கே விளையாடியிருந்தால் அவனுக்கு வருமட்டும் பார்த்திராமல் டொக்டரிடம் சொல்லுங்கள். தடுப்பூசிக்கு முன்னம் குடும்பநல மாதுவிடம் ஸ்டீரொய்ட் குடிக்கிறதைச் சொல்லுங்கள், சில ஊசிகளைத் தள்ளிப்போட வேண்டும்.

கேள்வி: எனது வகுப்பு மாணவன் ஒருவனுக்கு ஏழு வயது. காலெல்லாம் சிரங்கு வந்து காய்ந்து மூன்று நாலு கிழமை இருக்கும். இப்போது சலம் பிளேன்டீ நிறத்தில் போகிறதாம், முகமும் அதைத்திருக்கிறது. வெயில் சூடு என்று வீட்டில் இளநீர் கொடுக்கிறார்கள்.
– ஆசிரியை, பொத்துவில்

பதில்: டீச்சர், இந்த இதழ் உங்கள் கைக்கு வருமட்டும் அவர்கள் காத்திருக்கவில்லை என்று நம்புகிறேன். இது சூடு இல்லை. சிரங்கிலோ தொண்டையிலோ இருந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிக்கு எதிராக உடம்பு எடுத்த நடவடிக்கை சிறுநீரகத்தைத் தாக்குவது. தொண்டை நோவுக்குப் பிறகென்றால் ஒன்றிரண்டு கிழமையில், சிரங்கென்றால் மூன்று முதல் ஆறு கிழமையில் வரும். நான் பயப்படுவது சலத்தின் நிறத்துக்கு இல்லை, பிரஷருக்கு. தலையிடி, சத்தி, கண் மங்கல், பிறகு வலிப்பு என்று சில மணித்தியாலத்தில் போய்விடக்கூடியது. பிள்ளைக்குரிய சிறிய பட்டியால் பிரஷர் பார்க்க வேண்டும். சலம் குறைவாகப் போகிற பிள்ளைக்கு இளநீர் நல்லதல்ல, அதில் பொட்டாசியம் கூட, சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாத நேரம் இதயத்தையே பாதிக்கும். வார்டில் உப்பையும் தண்ணீரையும் அளந்து கொடுத்து, சலம் போக மருந்து தந்து சில நாளில் அனுப்பிவிடுவார்கள். இந்த நோயில் பிள்ளைகள் அநேகமாக முழுதாகச் சுகமாகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தக் கலங்கள் ஒரு வருஷம், சிலவேளை அதற்கு மேலும் சலத்தில் போகும், அதைக் கண்டு பதற வேண்டாம், கிளினிக்கை விட வேண்டாம். வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொறி, சிரங்கு இருந்தால் அதற்கும் மருந்து எடுக்கட்டும்.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. அடிக்கடி எரியுது, கடிக்குது என்கிறாள், உள்ளுடுப்பில் ஈரம். சலம் பலதரம் சோதித்தும் ஒன்றுமில்லை.
– ஒரு தாய், ஏறாவூர்

பதில்: பாடசாலையில் எத்தனை தரம் சலம் போகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தரமும் இல்லை என்றுதான் பதில் வரும். காலையில் ஏழு மணிக்கு வீட்டில் போனவள், இரண்டு மணிக்கு வந்து சப்பாத்தையும் கழற்றாமல் கக்கூசுக்கு ஓடுவாள், அவ்வளவு நேரமும் காலைப் பின்னிக்கொண்டு இருந்திருப்பாள். ஏன் போகவில்லையென்றால் கதவுக்குக் கொண்டி இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை, நாற்றம், அல்லது பாடநேரத்தில் கேட்டால் டீச்சர் ஏசுவா. போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர்ப் போத்தலையும் நிறைந்தபடியே திருப்பிக் கொண்டுவருவாள், சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களிலும் இதே கதை. ஸ்மார்ட் வகுப்பறை திறக்க நாடா வெட்டுகிறவர்கள் ஒரு தரம் பிள்ளைகளின் மலசலகூடத்துக்குள்ளும் போய்விட்டு வந்தால் எனது கிளினிக்கில் பாதிக் கூட்டம் குறையும்.

மருந்து எழுத எனக்கு மனமில்லை. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால், வந்தாலும் வராவிட்டாலும் போக வேண்டும், இடைவேளையில் கட்டாயம். வகுப்பாசிரியைக்கு ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுங்கள். அவசரப்படாமல் இருந்து முழுவதும் போகட்டும், கொமட் என்றால் காலுக்குக் கீழே ஒரு பலகை வையுங்கள். மலம் இறுகிப் போகிறதா என்று பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கே இருக்கும், பப்பாசி, கீரை, தண்ணீர் போதாவிட்டால் மலம் இளக மருந்து சில மாதத்துக்குத் தேவைப்படும். வாசனைச் சவர்க்காரம் போட்டு உள்ளே தேய்க்கிறதை நிப்பாட்டுங்கள். இரவில்தான் கடி கூடுதலென்றால் கீரிப்பூச்சியாக இருக்கலாம், அதற்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து பூச்சிமருந்து எடுக்க வேண்டும்.

கேள்வி: ஏழு வயது மகன் இன்னும் பாயில் சலம் போகிறான். தகப்பன் அடிக்கிறார்.
– பெயர் வேண்டாம், களுவாஞ்சிக்குடி

பதில்: தகப்பனின் தாயிடம் தனியாக விசாரியுங்கள், அவர் எத்தனை வயதுவரை போனார் என்று. இது பரம்பரையில் ஓடுகிற விஷயம். ஐந்து வயதில் நூறில் பதினைந்து பிள்ளைகள் போகிறார்கள், ஒவ்வொரு வருஷமும் அதில் ஒரு பங்கினருக்குத் தானாக நிற்கிறது. நித்திரையில் நடப்பதற்கு அடித்து என்ன பலன்? பகலில் தண்ணீரை நிறையக் கொடுத்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குறையுங்கள், தேத்தண்ணி வேண்டாம், படுக்க முன்னம் ஒரு தரம் போகட்டும். பகலிலும் நனைந்தால், அல்லது ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தது திரும்பத் தொடங்கினால் சலத்தில் சீனியும் கிருமியும் பார்க்க வேண்டும், தாகமும் மெலிவும் சேர்ந்தால் அன்றைக்கே. மற்றபடி நனைந்ததும் மணி அடிக்கிற கருவியும் டெஸ்மோபிரெசின் என்ற மருந்தும் இருக்கின்றன, பொறுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். தகப்பனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: வயல்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகிற நோய் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் கிணற்றுத் தண்ணீர்தான். பிள்ளைகளுக்கும் வருமா? சிறுநீரகத்தைக் கழுவக் காமரங்காய் (நட்சத்திரப் பழம்) சாறு வெறுவயிற்றில் கொடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.
– விவசாயி, சம்மாந்துறை

பதில்: அந்த நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது, உங்கள் அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிப் பக்கமும் இருக்கிறது. கூடுதலாக நடுவயது விவசாயிகளுக்கு வருவது. சிறு பிள்ளைக்குச் சிறுநீரகம் பழுதானால் அநேகமாக அது பிறவிக் குறை, அடைப்பு, பின்னோட்டம், அல்லது மேலே சொன்ன நோய்களில் ஒன்று. பிள்ளை வளராமல் நின்றால், வெளிறியிருந்தால், இரவிலும் எழும்பி எழும்பித் தண்ணீர் குடித்தால் கிணற்றைச் சந்தேகிப்பதோடு நிற்காமல் சலமும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டுகிற கிரியட்டினின் இரத்தப் பரிசோதனையும், ஒரு ஸ்கேனும் பாருங்கள்.

காமரங்காய்ச் சாறு கூடவே கூடாது. அதில் ஒக்சலேட் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, சாறாக, வெறுவயிற்றில், கூடுதலாகக் குடித்தால் பளிங்காகச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். முன்னம் நோயே இல்லாதவர்களுக்கும் அப்படிப் பழுதானதை இலங்கை டொக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர் ஒரு பழம் சாப்பிட்டாலே விக்கலும் வலிப்பும் வரலாம். பிலிங்காய்ச் சாறும் இதே வகைதான், குழம்புக்குப் போடுகிற நாலு காயைப் பற்றி நான் சொல்லவில்லை.

உண்மையில் சாற்றை விட எனக்குக் கூடுதல் கவலை, காய்ச்சலென்றதும் பாமசியில் கேட்டு வாங்கிப் பின்வழியால் வைக்கிற டைக்ளோஃபெனக் குளிசையும், மெஃபனமிக் அசிட், ஐபுபுரோஃபன் பாணிகளும். சத்தி, வயிற்றோட்டத்தில் காய்ந்துபோயிருக்கிற பிள்ளைக்கு இவை சிறுநீரகத்தை நிப்பாட்டிவிடக் கூடியவை, டெங்கு என்றால் இரத்தப்போக்கையும் கூட்டும். காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிட்டமோல்) மட்டும், நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்.